காப்புரிமை 20 ஆண்டு என்கிறார்களே, நடுவில் கட்டணம் கட்டத் தவறினால் என்ன ஆகும்? திரும்பப் பெற முடியுமா?

கேள்வியில் மூன்று விஷயம் கலந்து கிடக்கிறது. காப்புரிமை (கண்டுபிடிப்புக்குக் கொடுக்கிற பேடன்ட்) எத்தனை காலம் செல்லும், நடுநடுவே கட்டும் புதுப்பித்தல் கட்டணம் எதற்கு, கட்டாமல் விட்டுப்போனதை மீட்க முடியுமா என்று. ஒரு காப்புரிமை முகவர் அலுவலகத்தில் இந்தத் தேதிகளைக் கண்காணிக்கிற வேலையைத்தான் பல காலம் பார்த்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முதலில் ஒன்று: 20 ஆண்டு என்பது உச்சவரம்பு மட்டுமே. சான்றிதழ் கைக்கு வந்துவிட்டால் 20 ஆண்டு தானாக ஓடிவிடும் என்று நினைத்துத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த 20 எங்கிருந்து வந்தது என்றால், உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் என்கிற அறிவுசார் சொத்து ஒப்பந்தத்தின் 33ஆவது பிரிவிலிருந்து. விண்ணப்பித்த நாளிலிருந்து எண்ணி 20 ஆண்டுக்குக் குறையக் கூடாது என்று அது சொல்கிறது. அதற்கு முன்பு நாட்டுக்கு ஒரு கணக்கு இருந்தது. 1624இல் இங்கிலாந்துச் சட்டம் 14 ஆண்டு கொடுத்தது. அமெரிக்காவில் நெடுங்காலம் காப்புரிமை வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு, 1995 ஜூன் 8 முதல் போட்ட விண்ணப்பங்களுக்குத்தான் இன்றைய கணக்கு. இந்தியாவில் 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாக 14 ஆண்டு, மருந்து, உணவு தயாரிப்பு முறைகளுக்கு அதைவிட ரொம்பக் குறைவு, அதிகபட்சம் ஏழே ஆண்டு. 2002இல் திருத்தி, 2003 மே மாதம் முதல் எல்லாவற்றுக்கும் 20 ஆக்கினார்கள்.

“விண்ணப்பித்த நாளிலிருந்து” என்பதைக் கவனியுங்கள். அலுவலகம் விண்ணப்பத்தைப் பரிசோதிக்க ஐந்து ஆண்டு ஆனால் அந்த ஐந்தும் உங்கள் இருபதிலிருந்துதான் கழியும். அப்புறம், எந்த விண்ணப்பம் என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு நாட்டில் முதலில் போட்டுவிட்டு 12 மாதத்துக்குள் இன்னொரு நாட்டில், அந்த முதல் தேதியைக் காட்டி முன்னுரிமை கோரிப் போட்டால், அந்த முன்னுரிமை ஆண்டு இரண்டாவது நாட்டின் கணக்கில் சேராது. அங்கே போட்ட நாளிலிருந்துதான் 20. பிசிடி (ஒரே சர்வதேச விண்ணப்பத்தால் பல நாடுகளில் காப்புரிமை கேட்க வழிசெய்யும் ஒப்பந்தம்) வழியாகப் போனால் ஒவ்வொரு நாட்டிலும் சர்வதேச விண்ணப்பத்தின் தேதியிலிருந்து எண்ண வேண்டும், அந்த நாட்டு அலுவலகத்துக்குள் காகிதம் நுழைந்த தேதியிலிருந்து அல்ல. முழு விவரத்தைப் பிறகு தருகிறேன் என்று முதலில் போடுகிற தற்காலிக விண்ணப்பம் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் அது இருபதில் சேராது, முழு விண்ணப்பம் போட்ட நாள்தான் தொடக்கம். இந்தியாவில் தற்காலிக விவரக்குறிப்போடு போட்ட நாளே விண்ணப்ப நாள், ஆகவே அந்த ஓராண்டும் கணக்கில் போய்விடும். ஒரே கண்டுபிடிப்புக்கு நாட்டுக்கு நாடு வேறு வேறு தேதியில் காப்புரிமை முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருபதுக்கு மேலே நீட்டிப்பு உண்டா? மருந்துகளுக்குச் சில இடங்களில் உண்டு. அரசு அனுமதிக்காகக் காத்திருந்து வீணான காலத்துக்கு ஈடாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் 5 ஆண்டு வரை கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி நிபந்தனை. இந்தியாவில் அப்படி எதுவும் கிடையாது. சாதாரண இயந்திரம், கருவி வைத்திருப்பவர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

சரி, கட்டணம். காப்புரிமை என்பது மற்றவர்களைத் தடுக்கிற உரிமை. உங்களுக்கே பயன்படாத உரிமை மற்றவர்களைத் தடுத்துக்கொண்டு சும்மா கிடக்கக் கூடாது என்பதற்காகத்தான் புதுப்பித்தல் கட்டணத்தை ஆண்டு ஏற ஏற உயரும்படி வைத்திருக்கிறார்கள். அரசுக்கு வருமானம் என்பதும் உண்மைதான், ஆனால் கட்டண அட்டவணையின் வடிவத்தைப் பார்த்தாலே நோக்கம் புரிந்துவிடும். இந்தியாவில் மூன்றாம் ஆண்டுக்குக் கட்டுவதைப் போலப் பத்து மடங்கு இருபதாம் ஆண்டுக்குக் கட்ட வேண்டும். அமெரிக்காவில் 2025 ஜனவரியில் வந்த அட்டவணைப்படி பெரிய நிறுவனத்துக்கு முதல் தவணை 2,150 டாலர், இரண்டாவது 4,040, மூன்றாவது 8,280. சிறு நிறுவனங்களுக்கு அதில் 60 சதவீதம் தள்ளுபடி. அதாவது ஒவ்வொரு தவணையிலும் “இது இன்னும் தேவையா?” என்று உங்களைக் கேட்கிறார்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சத்தமாக. நிறையப் பேர் பத்து, பன்னிரண்டு ஆண்டில் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள், அதில் தப்பே இல்லை. விற்காத பொருளுக்கு ஆறு நாட்டில் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பதுதான் என் பார்வையில் பெரிய வீண்செலவு.

எப்போது கட்டுவது என்பதில்தான் குழப்பமே. பெரும்பாலான நாடுகளில் விண்ணப்ப நாளை வைத்து ஆண்டுதோறும். அமெரிக்காவில் காப்புரிமைக் காலத்தை விண்ணப்ப நாளிலிருந்து எண்ணுவார்கள், கட்டணத் தேதியை வழங்கிய நாளிலிருந்து எண்ணுவார்கள்: மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டு, மொத்தமே மூன்று தவணை. இந்த இடைவெளியைப் பாருங்கள், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகிற தேதியை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? அதற்குள் ஆள் மாறியிருப்பார், மின்னஞ்சல் மாறியிருக்கும், நிறுவனமே கைமாறியிருக்கும். அமெரிக்காவில் பொருளின் தோற்றத்துக்குக் கொடுக்கிற வடிவமைப்புக் காப்புரிமைக்கு இந்தத் தொல்லையே இல்லை, வழங்கிய நாளிலிருந்து 15 ஆண்டு, இடையில் கட்டணம் கிடையாது.

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்திலும் கனடாவிலும் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே கட்டணம் தொடங்கிவிடும். ஐரோப்பாவில் மூன்றாம் ஆண்டிலிருந்து அந்த அலுவலகத்துக்கு, வழங்கிய பிறகு நீங்கள் செல்லுபடியாக்கிய ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக. 2023 ஜூனில் வந்த ஒருங்கிணைந்த காப்புரிமையை எடுத்திருந்தால் அந்த ஏற்பாட்டில் சேர்ந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். வசதிதான், ஆனால் செலவைக் குறைக்க ஒரு நாட்டை மட்டும் கழற்றிவிட முடியாது. இந்தியாவில் வழங்கும் வரை கேட்க மாட்டார்கள், வழங்கியதும் மூன்றாம் ஆண்டு முதல் சேர்ந்த பாக்கி முழுவதையும் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கட்டச் சொல்வார்கள். காப்புரிமை கிடைத்த சந்தோஷத்தில் பலர் கோட்டைவிடுகிற இடம் இதுதான். கிடைத்த சில மாதத்திலேயே சாகிற நிலைக்கு வந்த காப்புரிமைகளை நான் பார்த்திருக்கிறேன்.

தேதி தவறிவிட்டது என்றால் உடனே பதற வேண்டாம். காப்புரிமை போன்றவற்றுக்கான பாரிஸ் உடன்படிக்கையின்படி குறைந்தது ஆறு மாதச் சலுகைக் காலம் எல்லா உறுப்பு நாடுகளும் கொடுத்தாக வேண்டும். உலகம் முழுக்க “ஆறு மாதம்” என்று கேட்பதற்கு அதுதான் காரணம். கூடுதல் தொகை கட்ட வேண்டியிருக்கும் (ஐரோப்பிய அலுவலகத்தில் பாதித் தொகை மேலதிகம்), ஆனால் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். கட்டினால் முடிந்தது, எதுவும் நடக்காதது மாதிரி காப்புரிமை தொடரும். இந்த ஆறு மாதத்துக்குள் இருக்கிறீர்கள் என்றால் மீதிப் பதிலைப் படிப்பதை விட்டுவிட்டு முதலில் போய்க் கட்டிவிட்டு வாருங்கள்.

ஆறு மாதமும் போய்விட்டால் காப்புரிமை செயலிழக்கும். உதாரணம் வேண்டுமென்றால், நீரிழிவுக்கும் உடல் எடைக்கும் கொடுக்கிற செமகுளூடைட் மருந்துக்கு நோவோ நார்டிஸ்க் நிறுவனம் கனடாவில் வைத்திருந்த காப்புரிமை ஆண்டுக் கட்டணம் கட்டாததால்தான் செயலிழந்தது. தாமதத் தொகையையும் சேர்த்துப் பாக்கி 450 கனடிய டாலர். அது மறதியா, யோசித்து எடுத்த முடிவா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. செயலிழப்பதற்கு இரண்டும் ஒன்றுதான், மீட்கும்போதுதான் அந்த வித்தியாசம் எல்லாமாக ஆகிறது.

ஏனென்றால் மீட்பு விண்ணப்பத்தில் அலுவலகம் கேட்கிற முதல் கேள்வியே ஏன் கட்டவில்லை என்பதுதான். உலகத்தில் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. ஒன்று, வேண்டுமென்றே விடவில்லை என்று காட்டினால் போதும். அமெரிக்கா, பிரிட்டன், 2023 ஏப்ரலிலிருந்து ஜப்பான் எல்லாம் இந்த வகை. இன்னொன்று கடினமானது, சூழ்நிலைக்கு வேண்டிய முழு கவனத்தையும் எடுத்துக்கொண்டும் தவறிவிட்டது என்று நிரூபிக்க வேண்டும். ஐரோப்பிய அலுவலகம் இப்படித்தான் பார்க்கிறது, கனடாவும் 2019 அக்டோபர் இறுதியிலிருந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஐரோப்பாவில், நன்றாக நடந்துகொண்டிருந்த நினைவூட்டல் ஏற்பாட்டில் ஒரே ஒரு முறை நேர்ந்த பிழை என்று காட்டினால் மன்னிப்பார்கள். ஏற்பாடே இல்லை, குமாஸ்தா மறந்துவிட்டார் என்றால் நடக்காது. இந்தியாவில் இரண்டும் கலந்த மாதிரி: வேண்டுமென்றே விடவில்லை, மீட்பு கேட்பதிலும் தேவையற்ற தாமதம் இல்லை என்று இரண்டையும் காட்ட வேண்டும்.

“பணம் போட வேண்டாம் என்று அன்றைக்கு முடிவெடுத்தோம், இப்போது வாங்க ஆள் வந்திருக்கிறார்” என்பது எந்த அளவுகோலிலும் தேறாது. அதை மறதி என்று எழுதிக் கொடுக்கலாமே என்று கேட்காதீர்கள், அமெரிக்காவில் அப்படிப் பொய் சொல்லி மீட்டது பின்னால் வழக்கில் வெளிவந்தால் காப்புரிமையைச் செயல்படுத்தவே முடியாமல் போகலாம். எதிராளியின் வழக்கறிஞர் முதலில் தோண்டுகிற இடமே பழைய மீட்பு மனுதான்.

கெடுவும் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் காப்புரிமை செயலிழந்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் படிவம் 15இல் கேட்க வேண்டும். உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து அல்ல. பிரிட்டனில் சலுகை ஆறு மாதம் முடிந்ததிலிருந்து 13 மாதம். ஐரோப்பிய அலுவலகத்தில், கட்டவிடாமல் செய்த தடை நீங்கியதிலிருந்து இரண்டே மாதம், எப்படியானாலும் ஓராண்டுக்கு மேல் கிடையாது. அமெரிக்காவில் கடைசித் தேதி என்று ஒன்றில்லை, ஆனால் செயலிழந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டால் அத்தனை காலம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று கூடுதல் விளக்கம் கேட்பார்கள். எங்கேயானாலும், தெரிந்த அன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். தெரிந்த பிறகு உட்கார்ந்திருந்த ஒவ்வொரு வாரத்துக்கும் பதில் சொல்ல வேண்டிவரும், கட்டத் தவறியதற்குக் காரணம் வைத்திருப்பவர்கள்கூட இந்த இடத்தில் வழுக்கிவிடுகிறார்கள்.

மீட்டுவிட்டால் பழையபடி முழுசாகக் கிடைத்துவிடுமா? இல்லை. இந்தியாவில் மீட்பு மனுவை வெளியிட்டு, இரண்டு மாதம் யாரும் எதிர்க்கலாம் என்று அவகாசம் தருவார்கள். காப்புரிமை செத்துக் கிடந்த காலத்தில் பதிவேட்டைப் பார்த்து, சரி இது இனி எல்லோருக்கும் சொந்தம் என்று நம்பி ஒருவர் உற்பத்தியைத் தொடங்கியிருப்பார், அல்லது ஒப்பந்தம் போட்டு முதல் போட்டிருப்பார். அவரைப் பாதுகாக்கச் சட்டத்தில் தனி ஏற்பாடு இருக்கிறது. இந்தியாவில் 62ஆவது பிரிவு, அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இதே போன்றவை. காப்புரிமை உயிர்த்தெழுந்த பிறகும் அவரை முழுதாக நிறுத்த முடியாமல் போகலாம். இந்தியாவில் செயலிழந்த நாளுக்கும் மீட்பு மனு வெளியான நாளுக்கும் நடுவில் நடந்த மீறலுக்கு வழக்கே போட முடியாது. ஆகவே சந்தையில் போட்டியாளர் ஏற்கெனவே நுழைந்துவிட்டார் என்றால், மீட்புச் செலவு தகுமா என்று கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். ஒரு ஆறுதல், செயலிழப்பதற்கு முன்னால் நடந்த மீறலுக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை போய்விடாது, வழக்குக்கான கால வரம்புக்குள் இருந்தால் போதும். அமெரிக்காவில் அது ஆறு ஆண்டு.

கட்டணத்தைக் காப்புரிமைக்காரர்தான் கட்ட வேண்டும் என்பதில்லை, பல அலுவலகங்களில் யார் வேண்டுமானாலும் கட்டலாம். உரிமம் வாங்கியவர், கடன் கொடுத்தவர், பங்குதாரர், யாராக இருந்தாலும் கடைசி நாளில் கட்டிக் காப்பாற்றலாம். முகவரை மாற்றும்போது பழையவர் இனிமேல் கட்டப்போவதில்லை, புதியவர் இன்னும் பொறுப்பெடுக்கவில்லை என்ற அந்த நடுக்காலத்தில்தான் நான் பார்த்த பெரும்பாலான செயலிழப்புகள் நடந்தன. அந்தச் சில வாரத்துக்கு மட்டும் தேதிப் பட்டியலை நீங்களே கையில் வைத்திருங்கள். அதோடு, அரசு அலுவலகம் மாதிரியே பெயரும் முத்திரையும் போட்டு “புதுப்பித்தல் கட்டணம் உடனே செலுத்தவும்” என்று வருகிற கடிதங்களில் போலி ஏராளம், ஐரோப்பிய அலுவலகமும் உலக அறிவுசார் சொத்து அமைப்பும் அதைப் பற்றி எச்சரித்தே வருகின்றன. உங்கள் முகவரிடம் காட்டாமல் கட்டாதீர்கள்.

நீங்கள் கேட்டது மற்றவருடைய செயலிழந்த காப்புரிமையைப் பயன்படுத்தலாமா என்ற நோக்கத்தில் என்றால், பதிவேட்டில் “செயலிழந்தது” என்று பார்த்ததும் துள்ள வேண்டாம். சலுகைக் காலமும் மீட்புக் கெடுவும் தாண்டிவிட்டதா, மீட்பு மனு நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் தயாரிக்கும் நாட்டில் மட்டுமல்ல, விற்கப்போகும் ஒவ்வொரு நாட்டிலும் பாருங்கள். அதே பொருளின் வேறொரு பாகத்துக்கோ தயாரிப்பு முறைக்கோ அவரே எடுத்த இன்னொரு காப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கலாம், அதற்குக் கட்டணமும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கலாம்.