தவணை கட்டுபவர்களின் வாக்கு (கடிதம்)

அன்புள்ள ஐயா,

2022-ல் இலங்கை கடனைக் கட்ட முடியாமல் நின்றதிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. நெருக்கடியில் நாடுகளுக்குக் கடன் தரும் ஐ.எம்.எஃப். (சர்வதேச நிதியம்), உலக வங்கி இரண்டையும் சீர்திருத்துவதற்குப் பதில் இழுத்து மூடிவிட்டு, இந்தியா, சீனா, ரஷ்யா, பிரேசில், தென்னாப்பிரிக்கா சேர்ந்து தொடங்கிய பிரிக்ஸ் வங்கியிடம் போனால் என்ன? ஆனால் இதெல்லாம் நிபுணர்கள் சமாச்சாரம். நாம் பேசி என்ன ஆகப்போகிறது?

எம்., கொளத்தூர்

அன்புள்ள எம்.,

பிரிக்ஸ் வங்கியை இன்னொரு நாள் பார்ப்போம். உங்கள் கடைசி வரிதான் என்னை உறுத்துகிறது. படித்த பிள்ளை எழுதுகிற வரியா அது?

ஐ.எம்.எஃப்.பில் முக்கிய மாற்றம் எதற்கும் 85 சதவீத வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் ஏறத்தாழ 16.5. கணக்குப் போட்டுப் பாருங்கள். மற்ற நாடுகள் அத்தனையும் கைதூக்கினாலும் அந்த ஒரு கை எழாவிட்டால் ஒன்றும் நடக்காது. 140 கோடிப் பேருக்கு மேல் வாழும் நமக்கு 2.63. இந்தப் பங்கைக் கொஞ்சம் திருத்த 2010-ல் எடுத்த முடிவு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்குக் காத்துக் கிடந்து 2016-ல்தான் அமலுக்கு வந்தது. இதில் நிபுணத்துவம் எங்கே இருக்கிறது? யாருக்கு எத்தனை கை என்ற பஞ்சாயத்து இது. இந்த இரண்டு அமைப்புகளுக்கும் வித்திட்ட 1944 பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்கு அமெரிக்காவுக்குப் போன இந்தியக் குழுவில், பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் இருந்தார். அடிமை நாட்டுக் குழுதான், ஆனாலும் பிரிட்டன் நமக்குத் தர வேண்டிய போர்க்காலப் பாக்கியை அங்கே எழுப்பினார்கள். சுதந்திர நாட்டில் பிறந்த நீங்கள் வாயை மூடிக்கொள்கிறீர்கள்.

எனக்கு உலக வங்கி என்றால் சென்னை அரும்பாக்கம். 1977-ல் அதன் கடனில் தொடங்கிய திட்டத்தில்தான் அங்கே மனைகள் பிரித்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது கையகல மனை, ஒரு கக்கூஸ், ஒரு குழாய். மீதியை நாங்கள் கட்டிக்கொள்ள வேண்டும். முதல் நாள் அம்மா கோலமாவை எடுத்துத் தரையில் கோடு போட்டு, "இங்க அடுப்பு. அங்க உங்கப்பா படுக்கட்டும்" என்றாள். கீற்று, பிறகு ஆஸ்பெஸ்டாஸ், பிறகு தளம். தவணை ரசீதுகளை ஹார்லிக்ஸ் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தாள். கட்டுகிறவள் அவள், சுவர் எங்கே என்பதையும் அவள்தான் சொன்னாள்.

ஐ.எம்.எஃப். நிபந்தனைப்படி இலங்கையில் மின்கட்டணம் ஏறியபோது, கொழும்பில் விளக்குப் போடுகிற பெண்ணிடம் யார் கேட்டார்கள்? கடன் அவள் தலையில், வாக்கு வாஷிங்டனில். நான் கேட்கும் சீர்திருத்தம் இந்த ஒன்றுதான் தம்பி.

அம்மா போய்விட்டாள். அடுப்பு அந்தக் கோட்டின் மேல்தான் இருக்கிறது, கேஸ் அடுப்பாக. ஒருநாள் வாருங்கள், காபி போட்டுத் தருகிறேன்.

அன்புடன்