யுனைடெட் 93 சுட்டு வீழ்த்தப்பட்டதா?

இல்லை. 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்ட இந்த அமெரிக்கப் பயணிகள் விமானம் பென்சில்வேனியா மாநிலத்தின் ஷாங்க்ஸ்வில் அருகே ஒரு வயலில் விழுந்தது. பயணிகளும் ஊழியர்களுமாக 40 பேர் இறந்தார்கள்.

சந்தேகத்துக்குக் காரணம் அதன் சிதைவுப் பரப்பு, அதாவது விமானத்தின் துண்டுகள் போய் விழுந்த இடம் முழுவதும். சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்தியன் லேக் பகுதியில்கூடக் காகிதங்கள் கிடந்தன. வானத்திலேயே வெடித்திருக்கும் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள்.

அங்கே என்ன கிடந்தது என்று பாருங்கள்: காகிதம், மெல்லிய காப்புப் பஞ்சு போன்ற லேசான பொருட்கள். தெருமுனையில் குப்பையைக் கொளுத்தினால் கரித்தாள் நாலு வீடு தாண்டி மாடியில் காயும் துணிமேல் விழுவதில்லையா, அப்படித்தான். மணிக்கு சுமார் 900 கி.மீ. வேகத்தில் மோதி எழுந்த தீப்பிழம்பு அவற்றை மேலே தூக்க, காற்று கொண்டுபோனது. சுடப்பட்டிருந்தால் விமானம் வந்த வழியில் துண்டுகள் உதிர்ந்திருக்கும். இவையோ விழுந்த இடத்தைத் தாண்டிக் கிடந்தன.

அப்புறம், விமானி அறை ஒலிப்பதிவு. 9:57-க்குப் பயணிகள் திருப்பித் தாக்கத் தொடங்கினார்கள். அவர்களை நிலைகுலைக்கக் கடத்தல்காரன் விமானத்தை இடமும் வலமுமாக உருட்டினான். கடைசியில் கடத்தல்காரர்களே அதைத் தரையில் மோதவிட்டார்கள். பயணிகளின் இந்தத் துணிச்சலை ஓர் ஏவுகணைக் கதை மறைத்துவிடுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

“சுட உத்தரவு இருந்ததே” என்பார்கள். இருந்தது, ஆனால் விமானம் விழுந்தது 10:03-க்கு. துணை அதிபர் சேனி அனுமதி கொடுத்தது 10:10-க்குப் பிறகு.