மழை கொட்டும் தீவில் டீசல் ஏன்? – அந்தமான் மின்சாரம்: கேள்வி-பதில்

சிறு நீர்மின் திட்டங்கள் பற்றி எழுதியதிலிருந்து அந்தமான் வாசகர்களின் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வருஷத்தில் பாதிக்குமேல் மழை. அப்படியும் டீசல் ஜெனரேட்டரில்தான் கரண்ட். ஆற்று நீரை வீணாக்குகிறோமே?
— ஸ்ரீ விஜயபுரம் (போர்ட் பிளேர்) வாசகர்

மழை மட்டும் போதாது. நீர்மின்சாரத்துக்கு உயரமும் வேண்டும், பெய்த தண்ணீர் தங்கவும் வேண்டும். அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. பெய்கிறது. ஆனால் தீவு ஒடுக்கம்; மலையில் விழுந்த நீர் சில மணி நேரத்திலேயே கடலுக்குப் போய்விடுகிறது. மிக உயரமான சேடில் பீக் சிகரமே 732 மீட்டர்தான். அதையொட்டி ஓடும் கல்போங் ஆற்றில்தான் தீவுகளின் நீர்மின் நிலையம் இருக்கிறது: டிக்லிபூர் அருகே, 2001இல் தேசிய நீர்மின் கழகம் அமைத்தது, 5.25 மெகாவாட்.

தெற்கு அந்தமானில் தணிக்காரி அணை இருக்கிறதே என்பீர்கள். அது உங்கள் குடிநீர். ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை கண்ணில் படாத மாதங்களில் குழாயில் தண்ணீர் முறை வைத்து வருவது உங்களுக்கே தெரியும். அந்த நீரை டர்பைனுக்குத் திறந்துவிடச் சொல்ல எனக்கு வாய் வராது.

கல்போங்கில் 5.25 மெகாவாட் என்கிறீர்கள். அவ்வளவும் எப்போதும் கிடைக்கிறதா?
— டிக்லிபூர் வாசகர்

கிடைக்காது, கிடைக்கும் என்று யாரும் சொல்லவும் இல்லை. 1.75 மெகாவாட் இயந்திரங்கள் மூன்று. மூன்றும் ஆண்டு முழுக்க நிற்காமல் ஓடினால் நாலரைக் கோடி யூனிட்டுக்கு மேல் வரும். திட்டத்தில் கணக்கிட்டதோ ஏறத்தாழ ஒன்றரைக் கோடி யூனிட், அதாவது மூன்றில் ஒரு பங்கு. இது குறை அல்ல. வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மூடலாம் என்பதுதான் அணை நீரின் அருமை. சூரியன் இறங்கி வீடுகளில் விளக்கெரியும் மாலை ஆறு மணிக்குக் கிடைக்கிற ஒரு யூனிட்டுக்கு, நடுப்பகலின் இரண்டு யூனிட்டைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

என் பாக்குத் தோட்டத்துக்குள் ஓடை ஒன்று ஓடுகிறது. சின்ன டர்பைன் வைத்தால் வீட்டுக்குக் கரண்ட் வருமா?
— மத்திய அந்தமான் வாசகர்

எனக்குப் பிடித்த கேள்வி. முதலில் எதையும் வாங்காதீர்கள். 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட் ஒன்று, கைபேசியில் ஸ்டாப்வாட்ச், கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப், இவை போதும்.

ஓடையை மண் மூட்டை போட்டு மறித்து, நீர் முழுவதையும் ஒரு குழாய் வழியாகப் பக்கெட்டில் விடுங்கள். நான்கு வினாடியில் நிறைந்தால் வினாடிக்கு 5 லிட்டர். நீர் எடுக்கும் இடத்துக்கும் டர்பைன் உட்காரும் இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை டியூப் வைத்துப் படிப்படியாக அளந்து கூட்டுங்கள். 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 5 x 20 x 9.81, அதாவது 981 வாட். சின்ன டர்பைனிலும் ஜெனரேட்டரிலும் பாதி போய்விடும். கையில் நிற்பது 490 வாட்.

இவ்வளவுதானா என்று நினைக்க வேண்டாம். இது ராத்திரி பகல் ஓடுகிற 490 வாட். நாளுக்கு 12 யூனிட் ஆகிறது. கூரையில் மூன்று கிலோவாட் சோலார் போட்டு, நல்ல வெயிலடித்தால் கிடைப்பதும் ஏறக்குறைய அதுதான். ஆனால் 750 வாட் மிக்ஸியை நேரடியாகப் போட்டால் திணறும். இடையில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வேண்டும்.

மூன்று இடங்களில் ஆட்கள் சறுக்குகிறார்கள். ஒன்று, ஆகஸ்டில் அளப்பது. அப்போது எந்த ஓடையும் ஆறு மாதிரிதான் இருக்கும். மார்ச்சில் அளந்ததைத்தான் நான் நம்புவேன். இரண்டு, குழாயில் கஞ்சத்தனம். மேலே சொன்ன நீரை 100 மீட்டர் தூரம் 2 அங்குலக் குழாயில் கொண்டுவந்தால், 20 மீட்டர் உயரத்தில் சுமார் 10 மீட்டரை உராய்வே தின்றுவிடும். 3 அங்குலமானால் ஒன்றரை மீட்டரோடு போகும். மூன்று, இலை. காட்டு ஓடையில் இரவு ஒரு மழை பெய்தால் காலையில் வடிகட்டி முழுக்க அப்பிக்கிடக்கும். வாரும் வேலைக்கு வீட்டில் ஒருவர் தயாராக இல்லையென்றால் இதில் இறங்க வேண்டாம்.

இன்னொன்று: எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டால் டர்பைன் வெறிபிடித்துச் சுழலும். மிஞ்சுகிற மின்சாரத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு ஹீட்டர் காயிலுக்குத் திருப்பிவிடும் கட்டுப்பாட்டுப் பெட்டி கட்டாயம். ஓடையின் மேல்பகுதி வனத்துறை நிலமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். தீவுகளில் பெரும்பகுதி காடுதான்.

கூரையில் சோலார் போட்டேன். கரண்ட் போனால் அதுவும் அணைந்துவிடுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
— காராசர்மா வாசகர்

இல்லை. ஆனால் விற்றவர் சொல்லியிருக்க வேண்டும். மின்தொடரோடு, அதாவது ஊர் முழுக்க ஓடும் மின்கம்பி வலையோடு (கிரிட்), இணைந்த இன்வெர்ட்டர், தொடர் செத்ததும் தானும் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மேல் உங்கள் கூரையின் கரண்ட் பாயும். இப்படித் தனியே ஓடுவதை எங்கள் தொழிலில் 'தீவாதல்' என்போம். தீவிலேயே உட்கார்ந்து அதைத் தடுக்கவேண்டியிருப்பது ஒரு வேடிக்கை. கரண்ட் போனபோதும் எரிய வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். உப்புக் காற்றுக்கு, பேனலைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாகக் கேளுங்கள். போல்ட்டு நட்டு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும்.

நெய்வேலிக்காரர்கள் இங்கே 20 மெகாவாட் சோலாரும் பேட்டரியும் வைத்தார்களே. பிறகும் டீசல் எதற்கு?
— டாலிகஞ்ச் வாசகர்

அந்தப் பேட்டரி 8 மெகாவாட்-மணி, அதாவது 8,000 யூனிட். 20 மெகாவாட்டை அது தாங்குவது 24 நிமிடம். மேகம் கடக்கும்போது விழுகிற பள்ளத்தை நிரப்பத்தான் அது. இரவைக் கடத்த அல்ல. தீவின் மின்தொடர் சிறியது. ஒரு கருமேகம் வந்தால் முழுத் தொடரும் ஆடும், தாங்கிப்பிடிக்க அண்டை மாநிலம் கிடையாது. அதனால் டீசல் இயந்திரம் பாதிச் சுமையில் உறுமிக்கொண்டு காத்திருக்கிறது. இனி பணம் வந்தால் பேனலுக்கு முன்னால் பேட்டரிக்குப் போகட்டும் என்பது என் கட்சி.

சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்துவிட்டதே, அதில் மின்சாரம் அனுப்பலாமே?
— ரங்கத் வாசகர்

2020இல் வந்தது கண்ணாடி இழைக் கேபிள்; இன்டர்நெட்டுக்கானது. சென்னைக்கும் உங்களுக்கும் நடுவே 1,000 கி.மீ.க்கு மேல் ஆழ்கடல். பிரிட்டனையும் டென்மார்க்கையும் இணைக்கும் மின்கேபிளே, நிலப்பகுதியைச் சேர்த்தும் 765 கி.மீ.தான்.

ரீயூனியன் தீவு நிலக்கரியை விட்டுவிட்டதாமே. நம்மால் முடியாதா?
— சென்னை வாசகர்

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் அந்தப் பிரெஞ்சுத் தீவில் மலை 3,000 மீட்டரைத் தாண்டுகிறது. டக்கமாக்கா நீர்மின் நிலையம் 1968இலேயே வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் நம் தமிழர்களைக் கூட்டிப்போய் வளர்த்த கரும்பின் சக்கையையும் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஆனால் நிலக்கரியின் இடத்துக்கு வந்த மரத்துண்டும், துறைமுக மின்நிலையம் எரிக்கும் கடுகின எண்ணெயும் பெரும்பாலும் கப்பலில்தான் வந்திறங்குகின்றன. புயலில் கப்பல் நின்றால் அவர்களுக்கும் உங்களுக்கும் ஒரே கவலைதான்.