படுக்கையில் இருக்கும் அப்பாவுக்கு இடுப்பில் சிவப்பு: நர்ஸ் வீட்டுக்கு வருவாங்களா?
வியாசர்பாடியில் பக்கவாதத்தில் படுத்திருக்கிற அப்பாவுக்கு இடுப்பெலும்பு மேல சிவந்திருக்கு, நர்ஸ் வீட்டுக்கு வருவாங்களான்னு கேட்டிருந்தீங்க. வருவாங்க. 2021-ல் தமிழக அரசு தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இதுக்குன்னே நர்சும் பிசியோதெரபிஸ்டும் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதாரோட பக்கத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு பண்ணுங்க.

ஆனா அதுவரை காத்திருக்காதீங்க. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்க. வெளுக்காம அப்படியே இருந்தா படுக்கைப்புண் ஆரம்பிச்சாச்சு. மாநிறத் தோல்ல இது சரியாத் தெரியாது, சூடோ கெட்டியோ தொட்டுப் பாருங்க. 2 மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்புங்க. முதுகுக்குப் பின்னால தலையணை வெச்சு ஒரு பக்கமா 30 டிகிரி சாய்வு போதும். இழுக்காதீங்க, தோல் உரியும். விரிப்போட ரெண்டு பேர் தூக்குங்க. எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது, உள்சதை நசுங்கும். கொப்புளமோ காய்ச்சலோ வந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க.