எம்எஸ்விசிபி140 டிஎல்எல் பிழை: அந்தக் கோப்பை முதலில் அழியுங்கள்

வணக்கம். பில்லிங் மென்பொருளைத் திறந்தால் எம்எஸ்விசிபி140.டிஎல்எல் (பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைக் கோப்பு) இல்லை என்று வந்தது, ஏதோ தளத்திலிருந்து அந்தக் கோப்பை மட்டும் இறக்கி சிஸ்டம்32 ஃபோல்டரில் போட்டதும் 0எக்ஸ்சி000007பி என்று வேறு பிழை வருகிறது என்கிறீர்கள். அநேகமாக உங்கள் மென்பொருள் 64 பிட், நீங்கள் இறக்கியது 32 பிட் கோப்பு, இரண்டும் ஒத்துப்போகாது. 64 பிட் விண்டோஸில் பெயர்கள் தலைகீழ்: சிஸ்டம்32-இல் இருப்பவை 64 பிட் கோப்புகள், சிஸ்வாவ்64-இல் இருப்பவைதான் 32 பிட். யார் வைத்த பெயரோ, நானும் இதில் ஒரு ராத்திரி முழுக்க மண்டையை உடைத்திருக்கிறேன்.

சரி, நீங்கள் போட்ட கோப்பை அழித்துவிடுங்கள். அப்புறம் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் (இந்த டிஎல்எல் கோப்புகளை மொத்தமாக நிறுவும் தொகுப்பு) புதிய பதிப்பை இறக்குங்கள், இலவசம்தான். எக்ஸ்64 (64 பிட்), எக்ஸ்86 (32 பிட்) இரண்டையும் போடுங்கள், ஏனென்றால் மென்பொருளோடு வரும் பிரிண்டர் கருவி ஏதாவது 32 பிட்டாக இருந்தால் அது தனியாக மக்கர் பண்ணும். 2015 பதிப்பு போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், விசிரன்டைம்140_1 என்ற கோப்பு அதில் கிடையாது, அடுத்து அதைக் காணோம் என்று வந்து நிற்கும். ஏற்கெனவே நிறுவியிருக்கிறது என்று காட்டினால் ரிப்பேர் பட்டனை அழுத்துங்கள். கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

அந்தத் தளத்துக் கோப்பு எங்கிருந்து வந்ததென்று தெரியாது, வைரஸ் ஸ்கேனும் ஓட்டிவிடுங்கள். பிழை மாறினால் அதில் வரும் கோப்புப் பெயரை அப்படியே எழுதுங்கள், பார்ப்போம்.