எதிரணியின் முதலாளி – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

லிவர்பூல் கால்பந்து கிளப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். நானும் லிவர்பூல் பக்கம்தான். எங்கள் நண்பர்கள் வட்டத்தில் பாதிப்பேர் மான்செஸ்டர் யுனைடெட். 2024-25 சீசனில் அவர்கள் 15ஆம் இடம், நாம் சாம்பியன், கேட்கவே வேண்டாம். அவர்கள் கிளப்பின் முதலாளிகளைப் பற்றி "கிளேசர் குடும்பம் இன்னும் நூறு வருஷம் யுனைடெட்டை ஆளட்டும்" என்று நாங்கள் சொன்னால் போதும், கொந்தளித்துவிடுவார்கள். அவர்களுடைய மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் கூரை ஒழுகியது, கேன்டீன் சாப்பாட்டை நிறுத்தியது என்று ஒன்றையும் விட்டதில்லை. போன வாரம் ஒரு நண்பன், "தோற்றதைச் சொல்லிக் கலாய், முதலாளியைச் சொல்லிக் கலாய்க்காதே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். ஒரு காலத்தில் பட்டம் இல்லையென்றால் அந்த சீசனே வீண் என்றவர்கள், இப்போது ஐரோப்பாவில் ஏதோ ஒரு போட்டியில் இடம் கிடைத்தால் போதும் என்கிறார்கள். இதைக் கலாய்க்காமல் வேறு எதைக் கலாய்ப்பது? கால்பந்தில் இதெல்லாம் சகஜம்தானே? அப்புறம், இங்கிலாந்தில் கால்பந்துக்கென்றே தனிச்சட்டம் வந்திருக்கிறதாமே, அதனால் ஏதாவது மாறுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கலாய்ப்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். 2023 மார்ச் 5, நம் மைதானமான ஆன்ஃபீல்டில் நாம் அவர்களை ஜெயித்தது ஏழுக்குப் பூஜ்யம். அதை நீங்கள் ஆயுள் முழுக்கச் சொல்லலாம், அவர்களும் கேட்டுத்தான் ஆகவேண்டும். களத்தில் நடந்ததற்கு அதை ஆடியவர்கள் பொறுப்பு, அவர்களுக்காகக் கத்தியவர்களும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் உங்கள் நண்பர் சொன்னது சரி என்றே எனக்குப் படுகிறது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2005இல் கிளேசர் குடும்பம் யுனைடெட்டை வாங்கியது, ஏறத்தாழ 79 கோடி பவுண்டுக்கு. அதில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனில் பெரும்பங்கைக் கிளப்பின் தலையிலேயே கட்டினார்கள், அதுவரை கடன் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த கிளப் அது. மாடு வாங்கிய கடனை மாடே உழுது அடைக்கட்டும் என்பது மாதிரி. அதன்பிறகு வட்டி, பங்குதாரர்களுக்குப் போகும் டிவிடெண்ட், கடன் தொடர்பான செலவு என்று கிளப்பிலிருந்து வெளியே போனது நூறு கோடி பவுண்டுக்கு மேல். இதை ரசிகர்கள் வாய்பொத்திப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அந்த வருஷமே ஒரு பகுதியினர் பிரிந்துபோய் எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்று சொந்தமாக ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள், உறுப்பினர் ஒருவருக்கு ஒரு ஓட்டு என்ற கணக்கில், இங்கிலாந்துக் கால்பந்தின் பத்தாவது அடுக்கிலிருந்து. உலகத்தின் மிகப்பெரிய கிளப்புகளில் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், சில ஆயிரம் பேர் வரும் மைதானத்துக்குப் போக முடிவெடுத்தார்கள். நான் அவர்களுடைய பரம எதிரி, ஆனாலும் அந்த முடிவை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

2010இல் கிளேசர்களுக்கு எதிர்ப்பாகப் பச்சையும் பொன்னிறமும் கலந்த துண்டுகள் ஓல்ட் டிராஃபோர்டில் முளைத்தன. 1878இல் ரயில்வே தொழிலாளர்கள் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் இந்தக் கிளப்பைத் தொடங்கியபோது இருந்த நிறங்கள் அவை. அந்த மார்ச் மாதம் ஏசி மிலானுக்காக அங்கே ஆடி, தோற்று வெளியே போய்க்கொண்டிருந்த முன்னாள் யுனைடெட் வீரர் டேவிட் பெக்கம், யாரோ வீசிய அப்படிப்பட்ட துண்டு ஒன்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, இலட்சியம் மங்கிவிட்டது என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். யாருடைய இலட்சியம்? மேனேஜராக அலெக்ஸ் ஃபெர்குசன் இருந்தவரை கடனும் வட்டியும் கோப்பைகளுக்குப் பின்னால் மறைந்திருந்தன. 2013இல் அவர் போனார். அடுத்த சீசனில் அணி ஏழாவது இடம். அந்த சீசன் முடிந்த 2014 கோடையில்தான் அடிடாஸ் நிறுவனத்துடன் பத்து வருஷத்துக்கு 75 கோடி பவுண்ட் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. 2018இல் முதலீட்டாளர்களிடம் பேசும்போது அப்போதைய நிர்வாகத் துணைத் தலைவர் எட் வுட்வர்ட், களத்தில் அணி எப்படி ஆடுகிறது என்பது வணிகத்தைப் பெரிதாகப் பாதிப்பதில்லை என்ற பொருளில் சொன்னார். இதை இரண்டு முறை வாசியுங்கள் எஸ். ஜெயித்தாலும் தோற்றாலும் கல்லா நிறையும் என்றால், ஜெயிக்க வேண்டும் என்ற வெறி முதலாளிக்கு எங்கிருந்து வரும்? அந்த வெறி ரசிகனிடம் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. ஐரோப்பாவில் இடம் கிடைத்தால் போதும் என்று உங்கள் நண்பர் சொல்வது, அடிமேல் அடி வாங்கியவர் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது. அந்தப் பேச்சு எனக்கு நன்றாகத் தெரியும், நானே அதைப் பேசியிருக்கிறேன்.

உங்களுக்கு என்ன வயது என்று தெரியாது, ஒருவேளை நினைவில்லாமல் இருக்கலாம். 2007இல் டாம் ஹிக்ஸ், ஜார்ஜ் ஜில்லெட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் லிவர்பூலை வாங்கினார்கள். ஸ்டான்லி பார்க்கில் புது ஸ்டேடியம், அறுபது நாளில் மண்வெட்டி இறங்கும் என்றார்கள். ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை. வாங்கிய கடன் கிளப்பின் மேல் வந்து உட்கார்ந்தது, இரண்டு முதலாளிகளும் ஒருவரோடு ஒருவர் பேசாத நிலைக்குப் போனார்கள். ரசிகர்கள் 2008இல் ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி என்று ஒரு சங்கமே தொடங்க வேண்டியதாயிற்று. 2010 அக்டோபரில் ஆன்ஃபீல்டில் பிளாக்பூலிடம் 2-1 என்று தோற்றோம், அட்டவணையில் பார்த்தால் கீழே இறக்கப்படும் மூன்று இடங்களுக்குள் லிவர்பூல். வங்கிக் கடனுக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது, கிளப் யாருடையது என்ற வழக்கு லண்டன் உயர்நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அந்த வாரங்களில் கோல் எத்தனை என்று பார்த்ததைவிட நீதிபதி என்ன சொன்னார் என்று பார்த்ததுதான் அதிகம். கடைசியில் 30 கோடி பவுண்டுக்கு இன்றைய முதலாளிகள் கைக்கு வந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து உள்ளூர் எதிரியான எவர்ட்டனிடம் 2-0 என்று தோற்றோம், அன்றைக்கு யாருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. "ஹிக்ஸும் ஜில்லெட்டும் எங்கேயும் போகக்கூடாது" என்று அப்போது நம்மைப் பார்த்துச் சிரித்தவர்கள் யுனைடெட்காரர்கள்.

நம் இன்றைய முதலாளிகள் நல்லவர்கள், அதனால் நமக்கு அந்தக் கவலை இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். நிறைய நல்லது செய்தார்கள், உண்மைதான். ஆனால் 2016 பிப்ரவரியில் 77 பவுண்ட் டிக்கெட் என்று அறிவித்ததும் அவர்கள்தான். சண்டர்லாண்டுக்கு எதிரான மேட்சில் 77ஆவது நிமிஷம் ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து வெளியே நடந்தார்கள். அப்போது 2-0 என்று முன்னிலை, முடிந்தபோது 2-2. நாலே நாளில் விலை உயர்வைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டார்கள். வெளியே நடந்தவர்கள் நடக்காமல் இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது, நான் உங்களுக்குச் சொல்ல நினைத்ததே இதுதான். 2020 அக்டோபரில் 'ப்ராஜெக்ட் பிக் பிக்சர்' என்று ஒரு திட்டம் வெளியே கசிந்தது. இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீகை 18 அணிகளாகச் சுருக்குவது, லீக் கோப்பையை ஒழிப்பது, முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பெரிய கிளப்புகளின் கையில் குவிப்பது. இதைக் கூட்டாகத் தயாரித்தது யார் தெரியுமா? லிவர்பூல் முதலாளிகளும் யுனைடெட் முதலாளிகளும். ஆறு மாதம் கழித்து, 2021 ஏப்ரலில் பெரிய கிளப்புகள் பிரிந்துபோய்த் தங்களுக்குள் ஆடும் ஐரோப்பிய சூப்பர் லீக், அதிலும் இரண்டு தரப்பும் ஒரே பக்கம். ஜோயல் கிளேசர் அதன் துணைத் தலைவர்களில் ஒருவர். நம் முதலாளி ஜான் ஹென்றி வீடியோவில் வந்து ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். நீங்களும் உங்கள் நண்பரும் யார் முதலாளி மோசம் என்று அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த இரண்டு முதலாளிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இரண்டு பேரின் கால்பந்தையும் விற்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். பகை நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது, அவர்களிடம் இல்லை.

அந்த சூப்பர் லீக் மூன்றே நாளில் நொறுங்கியதில் எல்லாக் கிளப் ரசிகர்களுக்கும் பங்கு உண்டு. 2021 மே 2 அன்று ஓல்ட் டிராஃபோர்ட் புல்வெளிக்குள் ரசிகர்கள் இறங்கி ஒரு மேட்சையே தள்ளிவைக்க வைத்தார்களே, அன்றைக்கு அவர்களோடு ஆட வேண்டிய எதிரணி நாம்தான். எனக்கு அது எரிச்சலாகவே இல்லை.

கூரை ஒழுகியதையும் கேன்டீனையும் சொன்னீர்கள். 2024 மே மாதம் ஆர்சனலுடன் ஆடிய அன்று கூரையின் மூலையிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியது, கீழே காசு கொடுத்து உட்கார்ந்தவர்கள் மேல். அந்த வருஷம் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் கிளப்பில் கால்பங்குக்கு மேல் வாங்கி நிர்வாகத்தைக் கையில் எடுத்த பிறகு நூற்றுக்கணக்கான ஊழியர்கள் வேலை இழந்தார்கள். நிறுத்தப்பட்ட அந்த இலவச மதியச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சாதாரணச் சம்பளக்காரர்கள். சீசனின் நடுவில் மிச்சமிருந்த டிக்கெட்டுகளுக்கு 66 பவுண்ட் என்றார்கள், குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் சலுகை கிடையாது. இதைச் சொல்லிச் சிரிக்கும்போது நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? ஒரு கிளப் 66 பவுண்ட் கேட்டு அது செல்லுபடியானால் அடுத்த கிளப்பும் கேட்கும். எதிரணி ரசிகர்கள் சேர்ந்து நின்றதால் கிடைத்த ஒன்றும் உண்டு: வெளியூர் மைதானத்துக்குப் போகும் ரசிகருக்கு டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று 2016இல் பிரீமியர் லீக் ஒப்புக்கொண்டது. அதில் லிவர்பூல்காரர் குரலும் இருந்தது, யுனைடெட்காரர் குரலும் இருந்தது.

அதனால் 15ஆம் இடத்தைச் சொல்லுங்கள், ஏழுக்குப் பூஜ்யத்தைச் சொல்லுங்கள், நம்முடைய 20ஆவது பட்டத்தைச் சொல்லுங்கள். கிளேசர்கள் நீடிக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொள்ளாதீர்கள். உங்கள் நண்பரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். சூப்பர் லீக் கலவரத்துக்குப் பிறகு முன்னாள் விளையாட்டு அமைச்சர் ட்ரேசி கிரவுச் தலைமையில் ஒரு ஆய்வு நடந்தது, அதன் தொடர்ச்சியாக 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியது. ஆண்கள் கால்பந்தின் மேல் ஐந்து அடுக்குகளுக்கும் ஒரு சுயேச்சையான கண்காணிப்பு அமைப்பு, கிளப்புகளுக்கு உரிமம். பிரிந்துபோய் லீக் தொடங்க முடியாது, சின்னத்தையும் நிறத்தையும் ரசிகர்களைக் கேட்காமல் மாற்ற முடியாது. 2005இல் கட்டிய கடனை இது பின்னோக்கிப் போய்க் கலைக்காது, அந்த விஷயத்தில் உங்கள் நண்பருக்கு ஆறுதல் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிளப்பை வாங்க வருபவரிடம் பணம் எங்கிருந்து வருகிறது, அதை வைத்து எப்படி நடத்தப்போகிறாய் என்று கேட்கும் அதிகாரம் இந்த அமைப்புக்கு இருக்கிறது, பதில் திருப்தியில்லை என்றால் தடுக்கவும் முடியும். கிளேசர்களிடமும் ஹிக்ஸ்–ஜில்லெட்டிடமும் அப்படி நிறுத்திவைத்துக் கேட்க யாருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. அடுத்து ஒரு பெரிய கிளப் கடனில் கைமாறும்போது இவர்கள் உண்மையிலேயே கேட்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்.