வணிகம் செய்ய வந்தவர்கள் நாடு பிடித்தது ஏன்?

ஏகாதிபத்தியம் எதனால் தோன்றியது, வணிகம் செய்ய வந்தவர்கள் எப்போது நாடு பிடிக்க ஆரம்பித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மூலப்பொருள், சந்தை, முதலீடு என்று பாடப்புத்தகம் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் இலங்கையில் எங்கள் மலையகத்துக்கு அவை வந்த வரிசை வேறு.

1505இல் வந்த போர்த்துக்கேயருக்கும் பின்னால் வந்த ஒல்லாந்தருக்கும் முக்கியமாக வேண்டியிருந்தது கறுவாப் பட்டை. அது கரையோரத்திலேயே கிடைத்தது. மலைநாட்டு அரசான கண்டிக்கும் படை அனுப்பிப் பார்த்தார்கள், மலையும் காடும் விடவில்லை.

ஆங்கிலேயரை இங்கே கொண்டுவந்தது ஆசையை விடப் பயம்தான். 1795இல் ஒல்லாந்து பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. திருகோணமலைத் துறைமுகமும் பிரான்சிடம் போனால் இந்தியாவுக்கு ஆபத்து என்று முந்திக்கொண்டார்கள். 1796இல் கொழும்பும் அவர்கள் கைக்கு வந்தது. அப்புறம் நடுவில் கண்டி தனி அரசாக இருப்பது உறுத்தியது. 1803இல் போன படை அழிந்தது. 1815இல் அரசனைப் பகைத்த பிரதானிகள் துணை நின்றதால் காரியம் முடிந்தது.

ஆங்கிலேயருக்கு எதிரான 1818 கலகத்தை அடக்கியதும், படை விரைவாக மலையேற வேண்டும் என்று கொழும்பு–கண்டி வீதி போடப்பட்டது. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து வழிவிட்டார்கள். அந்தக் குடைவு இன்றும் இருக்கிறது, பஸ் இப்போது அதன் பக்கத்தால் போகிறது. படைக்குப் போட்ட வீதியில் கோப்பி மூட்டை இறங்கத் தொடங்கியது. வீதி போட்ட ஆளுநர் பார்ன்ஸே கண்டிக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் கோப்பி நட்டார், கோப்பிக்கான ஏற்றுமதி வரியையும் நீக்கினார். ஆளுநரும் அவரே, தோட்டத் துரையும் அவரே!

1834இல் அடிமை முறை ஒழிந்தபின் மேற்கிந்தியத் தீவுகளில் கோப்பி சரிந்தது, இங்கே காணிக்கு அடிபிடி. 1840 சட்டம் காணி உறுதிப் பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனையையும் (காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் நிலம்) முடிக்குரியதாக்கியது. அந்தக் காணியை வாங்கியவர்களில் அரச அதிகாரிகளும் இருந்தார்கள். சிங்களக் கிராமத்தவர்கள் வயலை விட்டுத் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. ஆள் சேர்க்கும் கங்காணிமார் தென்னிந்தியாவிலிருந்து கூட்டிவர, எங்கள் பூட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளைக் காட்டு வழியே நடந்தார்கள்.

நீங்கள் கேட்ட முதலீடு கடைசியில்தான் பெரிதாக வந்தது. 1869இல் தலைகாட்டிய இலை நோய் கோப்பியை அழித்தது, தனித்தனித் துரைமார் பலர் கடனில் மூழ்கினார்கள். தேயிலையோடு லண்டன் கம்பெனிகள் தோட்டங்களை வாங்கத் தொடங்கின.